தலைக்கு ஒரு கால்!

ஆபீஸ் புராஜெக்ட்டுகளை மேய்க்க மைக்ரோசாஃப்டின் 'புராஜெக்ட் சர்வர்' வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க சார்! விண்டோஸ் சர்வர், ஷேர்பாயின்ட், எஸ்.க்யூ.எல். சர்வர் என்று பரிவாரத்தோடுதான் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ்!

அப்புறம், டைம்ஷீட் மட்டும் நிரப்புகிறவர் உள்பட தலைக்கு ஒரு 'கால்'. (அந்த லைசென்ஸின் செல்லப் பெயரே அதுதான்!) 'புராஜெக்ட் புரொஃபஷனல்' வைத்திருப்பவருக்குப் புராஜெக்ட் சர்வர் கால் அதிலேயே அடக்கம்.

டேட்டாபேஸ்? 2010 பதிப்பில் நாலு, 2013-ல் ஒன்று, 2016 முதல் ஷேர்பாயின்ட் டேட்டாபேஸுக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம். அங்கே சேரும் ஃபைல்களுக்கும் சேர்த்தே இடம் ஒதுக்கணும்.

எஸ்.க்யூ.எல். ஸ்டாண்டர்டில் ஆள் கணக்கும் உண்டு, கோர் கணக்கும் உண்டு. ஆள் பெருகினால் கோர் கணக்கே லாபம். ஆனால், பிராசஸருக்குக் குறைந்தது 4 கோர் வாங்கியே தீரணும்.

முதலில் தலைகளையும் கோர்களையும் எண்ணி எழுதுங்க. இல்லேன்னா, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!