புயல் காலத்தில் பாய்மரப் படகை என்ன செய்வது?

கடலே இல்லாத கோயம்புத்தூர்ல உக்காந்துகிட்டு இவனுக்கு எதுக்குங்க பாய்மரப் படகுன்னு கேக்கலாம். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு வாழைக்கு முட்டுக் கொடுக்கிற ஊருங்க எங்களுது. காத்து எதைப் பிடிச்சு இழுக்கும்ங்கிற கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

வங்கக்கடலில் புயல்கள் அதிகம் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்குள் பாயைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். சுருட்டிக் கட்டினால் போதாதா? போதாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. மணிக்கு 60 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ எடை வைத்த மாதிரி அழுத்தும். 120 கி.மீ. என்றால் 68 கிலோ. கட்டு அவிழ்ந்து 10 சதுர மீட்டர் பாய் விரிந்தால் கிட்டத்தட்ட 700 கிலோ. பாய்மரம் முறியும், இல்லையென்றால் படகே கவிழும். அதனால் முடிந்தால் பாய்மரத்தையும் இறக்கிவிடுவது நல்லது.

மழையை நிறைய பேர் மறந்துடறாங்க. 7 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள படகில் 200 மி.மீ. மழை பெய்தால் தேங்கும் தண்ணீர் சுமார் 2 டன். கரையேற்றிய படகின் அடித்துவாரத்து அடைப்பானைக் கழற்றி வைப்பது இதற்குத்தான்.

நம்ம கட்டுமரத்துக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அதில் குழிவே கிடையாது. (ஆங்கிலத்தில் கேட்டமரன் என்கிற இரட்டை உடல் படகு பேரைத்தான் இதிலிருந்து எடுத்துக்கிச்சு, உருவத்தை அல்ல.) மிதப்புக்கான லேசான மரம் தண்ணீரைக் குடித்து கனத்துவிடும் என்பதால், கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து கட்டைகளைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். புயல் வந்தால் அதே கட்டைகளை ஒவ்வொன்றாக மேட்டுக்குத் தூக்கிவிடலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. கட்டுமரம் ரொம்பவே குறைந்துபோனது. குறை சொல்ல முடியாது, ஃபைபர் படகு தூரம் போகும், மீனும் கூட. ஆனால் அதைப் பிரிக்க முடியாது. இன்ஜினைக் கழற்றினாலும் மேடேற்ற ஒரு கூட்டமே வேணும், இல்லைன்னா டிராக்டர். தாழ்வாக விட்டால் புயலோடு ஏறிவரும் கடல்நீர் அதை மிதக்கவிட்டு பக்கத்துப் படகின்மேல் மோதும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த வேதாரண்யம் பக்கம் அப்படித்தான் படகுகள் உடைந்து குவிந்து கிடந்தன.

கயிறும் ஒரு விஷயம். பெரும்பாலும் அது இழுவையில் அறுவதில்லை, படகின் விளிம்பில் உரசி உரசித்தான் அறும். உரசுகிற இடத்தில் பழைய தோட்டத்து ஹோஸ் பைப்பை ஒரு முழம் வெட்டி மாட்டினால் போதுங்க.