நடப்போர் கண்டெடுக்கும் காசும் காலிப் புட்டியும்

அதிகாலையில் ஓடவும் நடக்கவும் செல்வோர், வீடு திரும்பும்போது பையில் சில காசுகளையும் கையில் ஒன்றிரண்டு காலிப் புட்டிகளையும் கொண்டு வருவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சில மாநிலங்களில் புதுமையன்று. இதை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் பொருந்தாது. தரையில் கிடக்கும் பொருளுக்காக மனிதன் எப்பொழுது குனிகிறான், எப்பொழுது குனியாமல் கடந்து செல்கிறான் என்பது அளந்தறியத்தக்க விஷயமாகும். இதனை அடிப்படையாகக் கொண்டு சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

பசிபிக் கடலோரத்திலுள்ள ஆரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்ற குடிமகன் நெடுந்தூரம் நடப்பதில் விருப்பமுடையவர். செல்லும் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவதும் அவரது வழக்கம். 1968-ஆம் ஆண்டு அவர் சட்டமன்ற உறுப்பினர் பால் ஹானிமனிடம் புட்டிகளைப் பற்றி முறையிட்டார். 1969-இல் வந்த மசோதா தோற்றது. 1971-இல் சட்டம் நிறைவேறி, ஆளுநர் டாம் மெக்கால் ஒப்பமிட, 1972 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. பீர், சோடா முதலியவற்றை வாங்குவோர் புட்டிக்கு 5 சென்ட் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. காலிப் புட்டியைக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கொண்டு வந்தவர்தாம் அதை வாங்கியவரா என்று கடைக்காரர் கேட்பதில்லை. திட்டத்தின் உயிர்நாடி இதுவே. ஒருவர் எறிந்த புட்டி, அடுத்து வருபவருக்கு வழியில் கிடக்கும் நாணயமாகிவிடுகிறது.

ஆனால் நாணயத்தின் மதிப்பு நிலையானதன்று. அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். 1982 வரை அதில் 95 விழுக்காடு செம்பு இருந்தது. அவ்வாண்டு முதல் துத்தநாக வில்லைக்கு மெல்லிய செம்புப் பூச்சு இட்டு 2.5 கிராம் எடையில் வார்த்தனர். வண்டிச் சக்கரம் பூச்சைக் கீறியவுடன், ஈரம் பட்ட துத்தநாகம் செம்பைக் காத்துத் தான் அரிபடுகிறது. அதனால் சாலையில் கிடைக்கும் புதிய காசு குழி விழுந்தும், பழைய காசு கறுத்தாலும் உருக்கெடாமலும் இருக்கும். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு இடுவதன் தத்துவத்தை விளக்க ஆசிரியர்களுக்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. நம் நாட்டுத் துருவேறா எஃகு ரூபாய்க்கு அந்தக் கதி நேர்வதில்லை. அது காந்தத்தாலும் கவரப்படும். சென்ட் நாணயத்தைச் சாலையில் கண்டும் பலர் குனியாமலே சென்றனர். புழக்கத்திற்காக அதனை அச்சிடுவதும் 2025 நவம்பரில் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 25 காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் முடிவில் செல்லாதவையாயின.

புட்டியின் முன்பணத்திற்கும் இதே நிலை நேர்ந்தது. 1971-இல் 5 சென்டுக்கு இருந்த வாங்கும் சக்தியைப் பெற, 2016-இல் ஏறத்தாழ 30 சென்ட் தேவைப்பட்டது. முன்பணமோ 5 சென்டாகவே நின்றது. திரும்பி வரும் புட்டிகளின் பங்கு மூன்றில் இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் முன்பணம் இரட்டிக்கப்பட வேண்டும் என்று சட்டத்தில் முன்னரே விதி இருந்தமையால், 2017 ஏப்ரல் முதல் அது 10 சென்ட் ஆயிற்று. அதன் பின்னர் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியது. தொகையை மட்டும் எழுதிவிட்டு, அதைத் திருத்தும் வழியை எழுதாத சட்டம் பாதி வேலையே செய்ததாகும் என்பது எமது கருத்து.

நீலகிரி மாவட்டத்தில் 2022 மே மாதம் தொடங்கிய திட்டமும் இவ்வகையைச் சேர்ந்தது. காட்டில் எறியப்படும் மதுப்புட்டிகளின் உடைந்த கண்ணாடி யானைகளின் பாதங்களைக் கிழிக்கிறது என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் கருத்தில் கொண்டு ஆணையிட்டது. டாஸ்மாக் கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தருவோருக்கு அதனைக் கொடுக்கும் முறை வந்தது. யானையின் உள்ளங்கால் தடித்ததாயினும் மென்மையானது. அதில் ஏறிய சில்லு எளிதில் வெளிவருவதில்லை.

இத்தகைய திட்டத்தின் பயனைக் கள ஊழியர் தாமே அளக்கலாம். ஒரு கிலோமீட்டர் பாதையைத் தேர்ந்து, முதல் நாள் முழுவதும் துப்புரவு செய்க. ஏழு நாள் கழித்து அதே நேரத்தில் நடந்து, முழுப் புட்டி, உடைந்த புட்டி, காசு ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுக. முதல் நாளில் கிடைப்பது பல காலம் சேர்ந்த இருப்பு. பின்னர் கிடைப்பதே வார வரவு. அந்த வரவும் எறியப்பட்டதன் முழுக் கணக்கன்று. நமக்கு முன் வேறொருவர் குனிந்திருக்கக்கூடும். முழுப் புட்டிகள் குறைந்து உடைந்தவை குறையாதிருந்தால், எறிவது தொடர்கிறது, பொறுக்குவோர் தோன்றியிருக்கின்றனர் என்று கொள்ளலாம்.

ஓடுபவர் கண்ணுக்குப் பல பொருள்கள் தப்பும்; எண்ணுவதற்கு நடையே ஏற்றது. இளவெயில் சாய்வாக விழும் நேரத்தில் காசு பளிச்சிடும். மாணவர்களை அழைத்துச் சென்றால் உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் தொட விடலாகாது. மழைக்கு மறுநாள் எடுத்த கணக்கை வேறு பக்கத்தில் எழுதுக. ஓடைநீர் கொண்டு வந்து சேர்த்த புட்டிகள் அப்பாதையில் எறியப்பட்டவை அல்ல.