ரப்பர் பணமும் தமிழ்ப் புத்தகமும்

நிறுவனங்கள் நன்கொடை கொடுக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலை. ஒரு முனையைத் தலைமை நிர்வாகி பிடித்திருப்பார், மறுமுனையை நன்கொடை பெறும் இல்லத்தின் பொறுப்பாளர். பின்னால் ஒரே நிற டீ-சட்டையில் ஊழியர்கள். அந்த டீ-சட்டைக் கூட்டத்தில் நானும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் நலப் பிரிவில் வேலை பார்த்தேன். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று கூடிப் பேசுவார்கள். கூட்டக் குறிப்பை நான் எழுதுவேன். அதில் தொகை இருக்கும், தேதி இருக்கும், படம் எடுக்க யார் வருகிறார் என்பதுகூட இருக்கும். என்ன நிபந்தனையோடு கொடுக்கிறோம் என்று ஒரு வரி இருந்ததாக நினைவில்லை.

தொழிற்சாலைகள் தங்கள் ஊருக்குச் செய்யும் நன்மையை எடைபோட, தொகையைவிட நிபந்தனையையே நான் முதலில் பார்க்கிறேன். இந்தப் பழக்கம் சிங்கப்பூரில் நான் வளர்ந்த குவீன்ஸ்டவுனிலிருந்து வந்தது.

எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு நினைவாக எங்கள் பேட்டைக்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயர் வைத்தது 1953இல். அதே ஆண்டு ஒரு ரப்பர் ஆலை அதிபர், பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருவதாக அரசாங்கத்திடம் சொன்னார். அவர் லீ கொங் சியான். 1893இல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூர் வந்தவர். ரப்பர் ஆலைகள் நடத்திய டான் கா கீயிடம் வேலைக்குச் சேர்ந்து அவருக்கே மருமகனானார். 1920களின் இறுதியில், ஜொகூரின் மூவாரில் ஒரு ரப்பர் புகைக்கூடத்தோடு சொந்தத் தொழிலைத் தொடங்கினார். லீ ரப்பர் அங்கிருந்து வளர்ந்தது. அன்னாசிப்பழத்தை டப்பாவில் அடைக்கும் தொழிலும் பிறகு சேர்ந்துகொண்டது.

புகைக்கூடம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியுமுன் மரத்தைச் சீவி, மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துத் தோட்டத்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். ஃபார்மிக் அமிலம் கலந்தால் பால் உறையும். உறைந்ததை உருளைகளுக்கு இடையே விட்டுத் தகடாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, நாள்கணக்கில் விறகுப் புகையில் உலர்த்துவார்கள். புகை ஏறினால்தான் பூஞ்சை பிடிக்காது, கப்பலில் நெடுந்தூரம் தாங்கும். அதன்பின் தகடுகளைத் தரம் பிரித்து, பொதியாக அழுத்தி, ஏற்றுமதி செய்வார்கள்.

மலாயாத் தோட்டங்களில் மரம் சீவியவர்களில் தமிழர்கள் பெருந்தொகை. என் பாட்டியும் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், மங்கு துடைத்தார், ஒட்டுப்பால் பொறுக்கினார். அவர் கொண்டுவந்து ஊற்றிய பால் எந்த ஆலைக்குப் போய் யாருடைய லாபமானது என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. பெரட்டு எனும் காலைப் பெயர்ப்பதிவுக்கு நேரத்தோடு நிற்பதும் கங்காணியின் கணக்குமே அவர்களுக்குத் தெரிந்த உலகம். 1950இல் கொரியப் போர் மூண்டபோது ரப்பர் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. ஆலை அதிபர்கள் பெரும்பணம் பார்த்த காலம் அது. லீ கொங் சியான் தம் அறக்கட்டளையைத் தொடங்கியது 1952இல். நூலகத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னது அதற்கு அடுத்த ஆண்டு.

அன்று சிங்கப்பூரில் இருந்தது ராஃபிள்ஸ் நூலகம். சந்தா கட்டியவர்களுக்குத்தான் புத்தகம். அலமாரிகளில் பெரும்பாலும் ஆங்கிலம். லீ கொங் சியான் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். புது நூலகத்தில் கட்டணம் கூடாது. இங்கே வாழும் மக்களின் சொந்த மொழிகளிலும் புத்தகங்கள் இருக்க வேண்டும். கொடுக்கிறவர் நிபந்தனை வைத்தாலே வாங்குகிறவருக்குக் கை கட்டு என்றுதான் நாம் நினைப்போம். இந்த நிபந்தனையோ நூலகக் கதவை இன்னும் அகலமாகத் திறக்கச் சொன்னது.

1957 ஆகஸ்டு 16இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அவரே அடிக்கல் நாட்டினார். 1958 ஏப்ரல் 1இல் புதுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தேசிய நூலகம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் உரியதானது. செங்கல் முகப்பு கொண்ட கட்டடம் 1960 நவம்பர் 12இல் திறக்கப்பட்டது. அந்த நூலகத்தின் முதல் முழுநேரக் கிளை எங்கள் மார்கரெட் டிரைவில் அமைந்தது. 1970 ஏப்ரல் 30இல் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். வெளிச்சுவரில் கழுத்துப்பட்டை முடிச்சுப்போல வரிசையாக அலங்காரம் இருக்கும். இன்றும் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் அதுவும் ஒன்று. கிளையைக் கட்டியது அரசாங்கம்தான். ஆனால் இலவசம், நான்கு மொழி என்ற இரண்டும் 1953இல் ஒரு ரப்பர் ஆலைக்காரர் கேட்டவை.

அம்மா அப்போது தங்ளின் ஹால்ட்டில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவீன்ஸ்டவுனைக் கட்டியவர்கள் வீடுகளோடு தொழிற்கூடங்களையும் பக்கத்திலேயே வைத்தார்கள். டண்டீ சாலையில் செட்ரான் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பொருத்தியது. சின்னச் சின்ன ஆலைகள் தங்ளின் ஹால்ட்டில் வரிசையாக இருந்தன. பத்து மாடிக் கட்டடங்களை அக்கம்பக்கத்துச் சீனர்கள் 'சாப் லாவ்' என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். அந்த மாடிகளிலிருந்து இறங்கி நடந்தே வேலைக்குப் போன பெண்கள் ஏராளம். பேருந்துக் காசு மிச்சம், மதிய இடைவேளையில் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு தொழிற்சாலை ஊருக்குச் செய்யும் முதல் நன்மை, நடந்து போகிற தூரத்தில் ஒழுங்கான சம்பளம் கொடுக்கும் வேலைதான். அதைச் செய்யாத நிறுவனம் எத்தனை காசோலை நீட்டினாலும் எனக்கு மனம் ஒப்பாது.

அம்மாவின் ஷிப்ட் முடியும்வரை நான் நூலகத்தில் இருப்பேன். பள்ளியில் தமிழ் ஒரு பாடம், அவ்வளவுதான். அகிலனையும் மு.வ.வையும் கல்கியையும் எனக்குத் தெரியவைத்தது மார்கரெட் டிரைவ் அலமாரி. காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் எங்கள் வீட்டில் நாள்காட்டியைத் தவிர வேறு தமிழ் அச்சு இருந்திருக்காது. பால்மரம் வெட்டியவரின் பேத்திக்கு, பால் விற்ற பணத்தின் வழியாகத் தமிழ் கிடைத்தது.

எல்லா ஆலை அதிபர்களும் ஒரே மாதிரி கொடுக்கவில்லை. பாசிர் பாஞ்சாங் சாலையில் இருக்கும் ஹாவ் பார் வில்லா, நகரத் திட்ட வரைபடத்தில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக்குள்தான் வருகிறது. டைகர் பாம் தைலம் செய்த ஆவ் பூன் ஹாவ் தம் தம்பிக்காக 1937இல் கட்டிய மாளிகை அது. சுற்றிலும் சீனப் புராணச் சிலைகளும் பத்து நரகக் காட்சிகளும் வைத்து, பொதுமக்களைக் காசு வாங்காமல் உள்ளே விட்டார். ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு தமிழர் பெட்டியிலும் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் டைகர் பாமும் இருப்பதற்கு அந்தத் தோட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். அது தோட்டமும்தான், விளம்பரமும்தான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு பொழுதுபோக்குக்கு வழியில்லாத குடும்பங்கள் சீனப் புத்தாண்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய் மகிழ்ந்தன. விளம்பரம் என்று தெரிந்தே கொடுத்தார், தெரிந்தே வாங்கிக்கொண்டோம்.

நம்மவர்களில் பி. கோவிந்தசாமிப் பிள்ளை இருந்தார். லிட்டில் இந்தியாவில் மளிகை, துணிக்கடைகளோடு மாவு, மசாலா ஆலையும் நடத்தியவர். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலை ஒட்டி அவர் கட்டிக்கொடுத்த திருமண மண்டபம் 1965இல் திறக்கப்பட்டது. பிஜிபி மண்டபத்தில் பந்தியில் உட்காராத சிங்கப்பூர்த் தமிழர் அபூர்வம். வாடகை வீட்டில் கல்யாணம் நடத்த முடியாத சமூகத்துக்கு அன்று எது தேவையோ அதைக் கொடுத்தார். பெயர் இருக்கிறது, பயனும் இருக்கிறது.

கொடுத்தது எத்தனை காலம் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. லீயின் மாமனார் டான் கா கீ சிங்கப்பூரில் பள்ளி தொடங்கினார், 1921இல் சீனாவில் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழ, அவருடைய நிறுவனம் 1934இல் மூடப்பட்டது. அதன் பிறகும் பல்கலைக்கழகத்தை இழுத்துப் பிடித்து, 1937இல் அரசிடம் ஒப்படைத்தார். லாபத்திலிருந்து நேரே எடுத்துக் கொடுத்தால் லாபம் வற்றும்போது தர்மமும் வற்றும். மருமகன் அதை அருகிலிருந்து பார்த்தவர். தனியாக அறக்கட்டளை வைத்து, லீ ரப்பர் பங்குகளில் கணிசமான பகுதியை அதன் பெயருக்கு மாற்றினார். பங்காதாயம் வரும், அது கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகும், முதல் கரையாது. அவர் 1967இல் இறந்தார். 2003இல் அதே அறக்கட்டளை புதுத் தேசிய நூலகத்துக்கு 60 மில்லியன் வெள்ளி கொடுத்தது. இன்று தமிழ் ஆய்வு செய்ய விக்டோரியா ஸ்திரீட்டுக்குப் போகிறவர்கள் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில்தான் உட்காருகிறார்கள். கென்ட் ரிட்ஜில் 2015இல் திறந்த இயற்கை வரலாற்று அரும்பொருளகமும் அவர் பெயரில் இருக்கிறது. மூன்று டைனசோர் எலும்புக்கூடுகளைப் பார்க்கப் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. நூலகத்துக்கு வைத்த நிபந்தனை எவ்வளவு அரியது என்று அந்தக் கட்டண முகப்பில் நிற்கும்போது புரியும்.

இன்று கொடுப்பதற்கு அரசாங்கமே கைகொடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக் கழிவு உண்டு. நிறுவனம் 100 வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளியை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். நிறுவன வரி 17 விழுக்காடு என்பதால் மிச்சமாகும் வரி 42 வெள்ளி 50 காசு. அதாவது அட்டைக் காசோலையில் எழுதியிருக்கும் தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் பொதுப் பணம். இந்தியாவில் வேறு வழி. 2013 நிறுவனச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். இங்கே சலுகை, அங்கே சட்டம். இரண்டிலும் மக்களுக்குப் பங்கு இருக்கிறது என்பதால், எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் உரிமையும் மக்களுக்கு இருக்கிறது.

அந்த உரிமையை எங்கள் குழுவுக்கு நினைவூட்டியவர் ஒரு பாட்டி. தீபாவளிக்கு முந்திய வாரம், வாடகை ஓரறை வீடுகளுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோயிருந்தோம். அவர் பையை வாங்கி மூலையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே பைகள் இருந்தன.

"ஏம்மா, அரிசி நாலு பை கெடக்கு, வண்டு புடிக்குது. மார்ச்சு மாசத்துல ஒரு ஆளும் வரமாட்டேங்கிறாங்க. என் கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு. கண்ணாடி குடுக்கிறவங்க யாராச்சும் உங்க கம்பெனில இருக்காங்களா?"

"எழுதிக்கிறேன் பாட்டி" என்றேன். அந்த வாரக் கூட்டக் குறிப்பில் எழுதினேன். அந்த மாடியில் யார் யாருக்குக் கண்ணாடி வேண்டும் என்று விசாரித்து, கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். அரிசிக்கு ஆனதைவிடக் குறைவாகவே செலவானது. படம் எடுக்க யாரும் வரவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நூலகம் வந்ததால் தோட்டத்துக் கூலிக் கணக்கு நேராகிவிடவில்லை. என் பாட்டி பெற்ற கூலி அவருடைய உழைப்புக்குக் குறைவு. அவர் எழுத்தறியாமலே போனார். எந்த அறக்கட்டளையும் அந்தக் கடனை அடைக்க முடியாது. ஆகவே நிறுவனத்தைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை. அது சரியாக இருந்தால் மூன்று கேள்விகள் மிச்சம். இந்த உதவியிலிருந்து யாரை வெளியே நிறுத்தினீர்கள்? உங்கள் லாபம் குறைந்த ஆண்டிலும் இது தொடருமா? என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டீர்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான் செலவே இல்லை. நிறுவனங்களின் நற்பணிக் குழுக்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அரிசியோடு வருவதானால் மார்ச்சில் வாருங்கள். அதற்கு முன் ஒருமுறை வெறுங்கையோடு வந்து, உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.