யாமத்துப் பசியும் எடைக் குறைப்பும்

நாளொன்றை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்த தமிழர், நள்ளிரவாகிய யாமத்தைக் குறிஞ்சித் திணைக்கு உரியதாக்கினர். இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவர் இலர். ஆயின் நம் விருதுநகர் மாவட்டத்தில் இன்று யாமத்திற்கு வேறோர் உரிப்பொருள் வாய்த்துவிட்டது. கல் நிறைய எண்ணெய் ஊற்றிப் பொரித்தெடுக்கும் எண்ணெய்ப் புரோட்டாவையும், அதனைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்து உண்ணும் முறையையும் நான் இங்கு விளக்கப் புகுந்தால், கட்டுரையை மூடிவைத்துவிட்டுப் படிப்பவர் எழுந்து போய்விடுவர். ஒருபுறம் சாத்தூர்ச் சேவு. மறுபுறம் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இவற்றுக்கிடையே சிவகாசிக்கு அருகில் எம். புதுப்பட்டியில் வாழும் ஒருவன் உடலை இளைக்கச் செய்வது எளிதன்று.

அவ்வொருவன் யானே. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள நான் மூன்றாண்டுகளுக்கு முன் 84 கிலோ எடை இருந்தேன். எடையை உயரத்தின் இருமடியால் வகுத்துக் காணும் உடற்பருமன் குறியீடு எனக்கு ஏறக்குறைய 31. இந்தியர்க்கு 23ஐத் தாண்டினாலே மிகை எடை, 25ஐத் தொட்டால் உடற்பருமன் என்று மருத்துவர்கள் வரையறுத்துள்ளனர். பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்துவிடுவேன். இரவு பத்தரை மணிக்கு விடைத்தாள் கட்டை அவிழ்த்தால், இருபதாவது தாளுக்குள் கை தானாகவே சேவு டப்பாவைத் திறந்துவிடும். எதனால் இவ்வாறு நிகழ்கின்றது என்று அறிய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். படித்தும் பட்டும் அறிந்தவற்றையே எழுதுகின்றேன்.

பசியும் அவாவும்

பசி வேறு, அவா வேறு. பசி வயிற்றில் தோன்றும். பழைய சோறு கிடைத்தாலும் அடங்கும். அவா நாவில் தோன்றும். அது கேட்ட பொருளையன்றிப் பிறிதொன்றை ஏற்காது. பேச்சுவழக்கில் 'நாக்கு நமநமக்கிறது' என்பது இதனையே. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்னும் வித்தியாதர மங்கை 'யானைத்தீ' என்னும் அடங்காப் பசிநோயால் பன்னீராண்டு வருந்தி, அமுதசுரபியின் சோற்றால் நலம் பெறுகின்றாள். எத்துணை உண்டாலும் ஆறாத பசியை நோய் எனப் பெயரிட்டு அழைத்த துணிவு சாத்தனாருடையது. பசித்தவரைப் பழிக்காமல் பிணியைப் பழித்தார் அவர். நாமோ இரவில் உண்பவரைப் பார்த்து 'வாயடக்கம் இல்லாதவன்' என்று சொல்லிவிடுகின்றோம்.

அறிவியல் சாத்தனார் பக்கமே நிற்கின்றது. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 பேரை மங்கிய ஒளியில் வைத்து, உணவையும் உறக்கத்தையும் நாளின் எல்லாப் பொழுதுகளுக்கும் சமமாகப் பரப்பிக் கொடுத்து நோக்கினர். உண்டது எப்பொழுதாயினும், பசியுணர்வு காலை எட்டு மணியளவில் மிகக் குறைந்தும் இரவு எட்டு மணியளவில் மிக உயர்ந்தும் காணப்பட்டது. இனிப்பு, உவர்ப்பு, மாவுப்பண்டம் ஆகியவற்றின்மேல் எழும் நாட்டமும் அவ்வாறே. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகின்றது. அதுதான் மாலையில் பசியை ஏற்றுகின்றது. அக்கடிகாரத்தின் நுண்ணிய இயக்கத்தைக் கண்டறிந்த மூவர்க்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உறக்கம் கெட்டால் நிலைமை மேலும் மோசமாகின்றது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் கொழுப்பணுக்களில் சுரக்கின்றது. இது 1994இல் கண்டறியப்பட்டது. 'கொண்டு வா' என்று சொல்லும் கிரெலின் இரைப்பையில் சுரக்கின்றது. இதனை 1999இல் ஜப்பானியர் கண்டனர். 2004இல் சிகாகோவில் நலமான இளைஞர் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கவிட்டனர். நன்கு உறங்கிய நாள்களோடு ஒப்பிட, லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. கிரெலின் 28 விழுக்காடு கூடியது. பசியோ 24 விழுக்காடு மிகுந்தது. அதே உணவை நான்கு மணி நேரம் தள்ளி உண்டால் என்ன ஆகும் என்பதை 2022இல் பாஸ்டனில் 16 பேரிடம் சோதித்தனர். பசி கூடியதோடு, உடல் எரிக்கும் ஆற்றலும் குறைந்தது. ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஆயினும் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இனி, கணக்கு ஒன்று. ஒரு புரோட்டாவுக்கு 70 கிராம் மைதா எனக் கொண்டால் 245 கலோரி. அது குடிக்கும் எண்ணெய் 10 கிராமே என வைத்தாலும் 90. மூன்று தின்றால் ஆயிரம் கலோரி, சால்னா தனி. ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் எரிவது ஏறக்குறைய 300 கலோரிதான். காலை நடைக்குப் போகிறேன் என்று பெருமை பேசுவோர் இதனை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையினர்.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் எங்கள் அத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீரிழிவுக்காக நெடுநாள் மாத்திரை உண்டவர். பின்னர் இன்சுலினும் சேர்ந்தது. எடையைக் குறைக்கச் சொன்னதால் இரவுச் சோற்றைச் சுருக்கினார். சில நாள்களில், இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுக்களையில் சர்க்கரை டப்பாவைத் தேடத் தொடங்கினார். 'இந்த வயதிலும் நாக்கு அடங்கவில்லையே' என்று நான்தான் முதலில் கடிந்தேன். டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டியவனும் நானே. ஒரு நாள் பாத்திரம் உருளும் ஓசை கேட்டு ஓடியபோது, சட்டை முழுதும் வியர்வையில் நனைந்து, கை நடுங்க, பேச்சுக் குழறித் தரையில் அமர்ந்திருந்தார். அது அவா அன்று. குருதியில் சர்க்கரை தாழ்ந்துபோன நிலை. அம்மா கரைத்துக் கொடுத்த சர்க்கரை நீரால் தப்பினார். அதன்பின் ஆறாண்டு வாழ்ந்தார். அந்தப் பூட்டைப் பற்றி ஒருமுறைகூட அவர் என்னிடம் பேசியதில்லை.

ஆதலின் இதனைப் பெரியோர்கள் சிறப்பாகக் கருத வேண்டுகின்றேன். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்க்கு இரவில் திடீர்ப் பசியோடு வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால் அதனை அடக்குதல் கூடாது. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழாயின் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, உடனே உண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். சோதிக்கும் கருவி இல்லையேல் காத்திராமல் சர்க்கரையை உண்க. நினைவு தப்பியவர் வாயில் எதனையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இரவு உணவைக் குறைக்கும் முன் மருந்தின் அளவு பற்றி மருத்துவரைக் கேட்க. வேறொரு நோயும் உண்டு. நாள் உணவில் கால் பங்கையோ அதற்கு மேலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உண்பதும், வாரம் இருமுறையேனும் உறக்கத்திலிருந்து எழுந்து உண்பதும் 'இரவுண்ணும் நோய்' எனப்படும். 1955இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை எடுத்துரைத்தார். இதற்கும் சிகிச்சை உண்டு, வெட்கப்பட ஏதுமில்லை.

பகலில் செய்ய வேண்டியது

இரவின் அவாவைப் பெரும்பாலும் நாம் பகலில் வளர்க்கின்றோம். காலையில் தேநீர், நண்பகலில் அரைவயிறு என்று கழித்துவிட்டு, இருட்டியதும் மன உறுதியை எதிர்பார்க்கின்றோம். என் வகையில் பயன் தந்தது, காலையில் முட்டையோ பயறோ சேர்த்து வயிறார உண்டதும், மாலை ஐந்தரைக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் தின்றதுமே. இரவு உணவு எட்டு மணிக்குள் முடிந்துவிடும். அதன்பின் நாக்கு நமநமத்தால் பல் துலக்கிவிட்டுக் கால் மணி நேரம் வாளாவிருப்பேன். அலைபோல் எழுந்த அவா தானே தணிந்துவிடும். தணியவில்லையெனில் அது பசி. மோர் குடிப்பேன், அல்லது ஒரு கொய்யாப்பழம். சேவு டப்பா வீட்டிலேயே இல்லை. அதை வைத்துக்கொண்டு வெல்ல முயல்வது வீரம் அன்று.

ரமலானில் எடை கூடிவிடுகின்றது என்று வருந்துவோர் நம்மில் பலர். நோன்புக் கஞ்சியைக் குறை சொல்வதற்கில்லை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்ந்த நல்லுணவு அது. தராவீஹ் முடிந்து வரும் வழியில் நிற்கும் வடைச் சட்டியைத்தான் ஐயுற வேண்டும். சஹருக்கு முன் எப்படியும் உண்ணப் போகின்றோம். இடையில் நடப்பது மூன்றாவது சாப்பாடு.

நம் மாணவர் சிலர் ஆடிக்குப் பின் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டி வேலைக்கு இரவில் போய்விட்டுக் காலையில் வகுப்புக்கு வருகின்றனர். பட்டாசு ஆலையில் பகல் வெளிச்சத்தில்தான் வேலை. அச்சு இயந்திரத்துக்கு அந்த வரையறை இல்லை. அவர்களிடம் 'எட்டு மணிக்குப் பின் உண்ணாதே' என்பது கொடுமை. வேலைக்குப் புறப்படுமுன் முழுச் சாப்பாடு, நடுவில் வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டலோ வேர்க்கடலையோ, விடிந்ததும் சிற்றுண்டி, கிடைத்த நேரத்தில் இருட்டறையில் உறக்கம். இவ்வளவே சொல்ல முடிகின்றது. முதல் மணி வகுப்பில் அவர்கள் கண்ணயர்ந்தால் நான் எழுப்புவதில்லை.

கரிசல் வீடுகளில் இராச் சாப்பாடு முடிந்ததும் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிடுவர். ஊற்றியாயிற்று என்றால் அடுக்களை சாத்தியாயிற்று என்பது பொருள்; அதற்குமேல் அங்கு எடுத்துண்ண ஒன்றும் இராது. குளிர்பெட்டி வந்தபின் அந்த வழக்கம் போயிற்று. என் எடை இப்போது 77 கிலோ. குறியீடு 28, இன்னும் பாதி வழிகூடக் கடந்திலேன். ஆயினும் எங்கள் வீட்டில் எட்டரை மணிக்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றும் வேலை இப்போது என்னுடையது. அதை ஊற்றிவிட்டுத்தான் விடைத்தாள் கட்டை அவிழ்க்கின்றேன்.