மரத்துக்கு மட்டுமா கிளை?



லினக்ஸ் என்ற சாப்ட்வேரை பல நாடுகளில் இருந்து ஆயிரக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். அத்தனை பேரும் ஒரே ஃபைலில் கை வைத்தால் என்ன ஆகும்? ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிச்சிடுவார் இல்லையா? அப்படி ஆகாம இருக்க ஒரு வழி இருக்கு. அதன் பெயர் கிளை. இங்கிலீஷில் பிராஞ்ச் என்பார்கள்.

கல்யாண வீட்டில் அண்டா நிறைய சாம்பார் கொதிக்குது. புதுசா ஒரு பொடி போட்டுப் பார்க்கணும்னா நேரா அண்டாவில் கொட்டுவோமா? சின்னச் சட்டியில் கொஞ்சம் எடுத்து, பொடி போட்டு, ருசி நல்லா இருந்தாத்தான் அண்டாவில் போடுவோம். அண்டாதான் முக்கியக் கிளை. சட்டிதான் தனிக் கிளை. சட்டியில் செய்ததை அண்டாவில் சேர்ப்பதற்கு மெர்ஜ் என்று பெயர்.

இந்த வேலையைச் செய்யும் சாப்ட்வேர் கிட். 1991-இல் லினக்ஸை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005 ஏப்ரலில் இதையும் எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்.

கிட் சாப்ட்வேரையே எப்படிக் கிளை கிளையா வைத்திருக்கிறார்கள் பாருங்கள்:

1. மெயின்ட் - வெளியான பதிப்பில் உள்ள தவறுகளைத் திருத்த மட்டும். புது வசதி எதுவும் இதில் சேராது.
2. மாஸ்டர் - அடுத்து வெளிவரப் போகும் பதிப்பு.
3. நெக்ஸ்ட் - மாஸ்டருக்குப் போகும் முன்னால் சோதித்துப் பார்க்கும் இடம்.
4. சீன் - பொறுப்பாளர் கண்ணில் பட்டு, இன்னும் வேகாத வேலைகள். 2020 வரை இதன் பெயர் பியு.

ஒவ்வொரு புது வேலைக்கும் தனியா ஒரு சின்னக் கிளை உண்டு. எழுதியவரின் இனிஷியலும் வேலையின் பெயரும் சேர்ந்ததுதான் அதன் பெயர். அது முதலில் நெக்ஸ்ட்டில் சேரும். அங்கே சரியா ஓடினால் மாஸ்டருக்குப் போகும். ஒருத்தர் வேலை வேகலைன்னா அது மட்டும் அடுப்பிலேயே இருக்கும், மற்றவர் வேலை காத்திருக்க வேண்டாம். ஹமானோ அனுப்பும் அறிக்கைக்கே 'அடுப்பில் என்ன வேகுது' என்ற பொருளில்தான் பெயர்!

இத்தனை கிளை வைத்தால் கம்ப்யூட்டரில் இடம் நிறைஞ்சிடாதா என்று கேட்பீர்கள். நிறையாது. கிட்டில் கிளை என்பது முழு நகல் இல்லை. கடைசியா செய்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டும் 40 எழுத்துக் குறி மட்டும்தான்.

இரண்டு பேர் ஒரே வரியை வேற வேற மாதிரி மாற்றினால்? கிட் தானா முடிவு எடுக்காது. இரண்டையும் காட்டி நின்றுவிடும். சேர்க்கிறவர்தான் பார்த்துத் தீர்க்கணும். ரொம்ப நாள் சேர்க்காம விட்ட கிளையில்தான் இந்தத் தகராறு அதிகம். அதனால் ஒரு கிளைக்கு ஒரே வேலை, அதையும் சீக்கிரம் முடித்துச் சேர்ப்பது நல்லது. சேர்த்த பிறகு அந்தக் கிளையை நீக்கிவிடலாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒன்று இருக்கு. குழுவா சார்ட் செய்யும்போது கடைசியில் எழுதி ஒட்டுறவங்க பெயர்தான் நிற்கும். ராத்திரி உட்கார்ந்து யோசிச்சவங்க பெயர் காணாம போயிடும். என் தோழிக்கே அப்படி நடந்திருக்கு. கிட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதியவர் பெயர், தேதி, நேரம் பதிவாகும். சேர்க்கிறவர் வேற ஆளா இருந்தாலும் எழுதினவர் பெயர் தனியா நிற்கும்.

கிட் இலவசம். ஒருமுறை ஏற்றிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். நாலு பேர் சேர்ந்து புரோகிராம் எழுதும்போது ஆளுக்கொரு கிளை எடுங்கள். மவுஸ் யார் கையில் என்ற சண்டையும் குறையும்!

தனித்தனிச் சட்டியில் சமைப்போம்,
ஒரே அண்டாவில் சேர்ப்போம்!



- ஒன்பதாம் வகுப்பு மாணவி