யூடியூப் ஓடுது, சில தளங்கள் மட்டும் திறக்கல... ஹாம் ரேடியோ டனலில் சிக்கிய அந்த ஒரு வரி!

மெயில் வருது. யூடியூப் ஓடுது. ஆனா ஒரு சில வெப்சைட்கள் மட்டும் சுத்திக்கிட்டே இருந்து, கடைசியில 'டைம் அவுட்'. கஸ்டமர் கேருக்கு போன் போட்டா, "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்."

நீங்க ஹாம் ரேடியோ ஆர்வலரா? வீட்டு இணையம் '44 நெட்' டனல் போட்ட லினக்ஸ் பெட்டி வழியாகப் போகிறதா? அப்படின்னா அவங்க சொல்றதை நம்பலாம்.

அது என்ன 44 நெட்?

1981-ல் அமெரிக்க ஹாம் ஹேங்க் மக்னஸ்கி கேட்டு வாங்கிய ஐபி முகவரித் தொகுப்பு. 44 என்று தொடங்கும் சுமார் 1.67 கோடி முகவரிகளும் அமெச்சூர் ரேடியோவுக்கு என ஒதுக்கப்பட்டன. இன்டர்நெட் ஆராய்ச்சிக் கூடங்களைத் தாண்டாத காலம் என்பதால் கொடுத்துட்டாங்க. இன்னிக்கு கேட்டா சிரிப்பாங்க!

உலகம் முழுக்க உள்ள ஹாம்கள் தங்கள் கேட்வேக்களை வழக்கமான இன்டர்நெட் வழியாகத்தான் இணைக்கிறார்கள். இதுக்குப் பேர்தான் டனல். ஒரு கவரை இன்னொரு கவருக்குள் போட்டு அனுப்புவது மாதிரி. உள்ளே 44 முகவரி, வெளியே வீட்டு இணைப்பின் பொது முகவரி. எந்த 44 முகவரி எந்த வீட்டில் இருக்கிறது என்ற பட்டியலை மையக் கேட்வே 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். பெட்டியை ரீஸ்டார்ட் செய்த உடனே 'ரூட் எதுவுமே வரலையே' என்று பதறாமல் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அந்தப் பழைய வரி

2019-ல், இந்த முகவரிகளை நிர்வகிக்கும் ஏஆர்டிசி அமைப்பு, அதில் கால் பங்கை அமேசானுக்கு விற்றது. விலை 10 கோடி டாலருக்கும் மேல். 44.192 முதல் 44.255 வரை உள்ள சுமார் 42 லட்சம் முகவரிகள் இப்போது அமேசானின் கிளவுடில் இருக்கின்றன. எத்தனையோ நிறுவனங்களின் தளங்களும் ஆப்களும் அங்கேதான் ஓடுகின்றன.

ஆனால் அதற்கு முன் எழுதிய கான்ஃபிக் ஃபைல்களில் '44.0.0.0/8 முழுக்க டனலுக்குப் போ' என்று ஒரு வரி இருக்கும். பழைய வழிகாட்டியில் இருந்து காப்பி பண்ணியிருந்தா கண்டிப்பா இருக்கும். அமேசானுக்குப் போக வேண்டிய பாக்கெட் ஹாம் டனலுக்குள் போய்த் தொலைந்துவிடும். அந்த வரியை நீக்கி 44.0.0.0/9, 44.128.0.0/10 என இரண்டு வரி போட்டால் முடிந்தது. மாற்றிய பிறகு, திறக்காத தளத்தின் ஐபியை 'ஐபி ரூட் கெட்' கட்டளையில் கொடுத்துப் பாருங்க. டனல் பெயர் வரக் கூடாது.

பிங் வருது, பதில் போகலை

இன்னொரு தலைவலி இது. வெளியிலிருந்து உங்கள் 44 முகவரிக்கு யாரோ பிங் செய்கிறார்கள். பாக்கெட் டனல் வழியாக வந்து சேர்கிறது. ஆனால் உங்கள் பெட்டி பதிலை, டிஃபால்ட் ரூட் இருக்கும் வீட்டு இணைப்பு வழியாக அனுப்புகிறது. 'என் கஸ்டமருக்கு நான் கொடுத்த முகவரி இது இல்லையே' என்று இணைய நிறுவனம் அதைத் தூக்கிப் போட்டுவிடும். போலி முகவரித் தாக்குதலைத் தடுக்க வைத்த ஃபில்டர் அது. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

இதற்குத் தனி ரவுட்டிங் டேபிள் வேண்டும். 'அனுப்புநர் முகவரி 44 என்றால் இந்த டேபிளைப் பார்' என்று ஒரு ரூல். அந்த டேபிளின் டிஃபால்ட் ரூட், டனல் வழியாக மையக் கேட்வேக்குப் போக வேண்டும்.

வெளி இணையத்திலிருந்து எதுவுமே வரவில்லையா? ரவுட்டிங்கை நோண்டும் முன் டிஎன்எஸ் பாருங்க. உங்கள் 44 முகவரிக்கு ஏஎம்பிஆர்.ஆர்க் பதிவு இல்லையென்றால் மையக் கேட்வே அந்த பாக்கெட்டை உங்கள் பக்கம் திருப்பவே திருப்பாது.

போர்ட் திறந்தும் பலனில்லையா?

பலனிருக்காது. இந்த வகை டனலுக்கு (ஐபிஐபி) போர்ட்டே கிடையாது. டிசிபி 6, யுடிபி 17 மாதிரி இது 4-ம் எண் புரோட்டோகால். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்வது வீண் வேலை. டிஎம்இசட் ஆப்ஷன் சில ரவுட்டர்களில் கைகொடுக்கும். டிசிபிடம்ப்பில் 'ஐபி ப்ரோட்டோ 4' என்று வடிகட்டினால், பாக்கெட் வீடு வரை வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

மொபைல் டேட்டா போல, பல பேருக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் இணைப்பு (சிஜிநாட்) என்றால் ஐபிஐபியை மறந்துவிடுங்கள். பொது முகவரி உள்ள ஒரு சர்வருக்கு வயர்கார்ட் போட்டு, அங்கிருந்து டனலை எடுப்பதுதான் வழி.