டீசல் பம்பை மாற்றும் முன் ஒரு நிமிடம்!

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டம். குச்சிக்கிழங்கு வாடி நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் இன்ஜின் ஓடவில்லை. ‘டீசல் பம்ப் போயிடுச்சுங்க சார், புதுசு போடணும்ங்கறாங்க’ என்றார் விவசாயி. ஃபில்டரைத் திறந்தோம், அடியில் தண்ணீரும் சேறும். டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. புது ஃபில்டர் விலையோடு செலவு முடிந்தது.

பம்ப் என்ன செய்கிறது?

பம்புக்குள் பேரல் என்ற உருளையும், அதனுள் ஏறி இறங்கும் பிளஞ்சரும் உண்டு. கேம் பிளஞ்சரைத் தள்ளும்போது டீசல் சுமார் 200 பார் அழுத்தத்தில் நாசில் வழியே புகைபோலப் பீறிடும். லாரி டயர் காற்றைப்போல 20 மடங்குக்கும் மேல்! பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் தூசி போனால் கீறல் விழும், தண்ணீர் போனால் துருப்பிடிக்கும்.

நீங்களே பார்க்கலாம்

1. டேங்கில் டீசல் இருக்கிறதா, மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

3. ஏர் எடுங்கள். ஃபில்டரின் ஏர் ஸ்குருவையும், அடுத்து பம்பின் ஸ்குருவையும் தளர்த்தி, குமிழி நின்று டீசல் சீராக வந்ததும் இறுக்குங்கள்.

4. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி ஹேண்டிலைச் சுற்றுங்கள். நாசில் ‘கிரீச்’ என்று சத்தமிட்டால் டீசல் போகிறது என்று அர்த்தம். சத்தம் இல்லையென்றால், நாசில் முனை பைப் நட்டைச் சற்றுத் தளர்த்திச் சுற்றுங்கள். விட்டுவிட்டு டீசல் வந்தால் நட்டை இறுக்கிவிட்டு நாசிலைச் சோதிக்கக் கொடுங்கள். வரவே இல்லையென்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கரும்புகை வந்தால் முதலில் ஏர் கிளீனர், பிறகு நாசில்.

இதைச் செய்யாதீர்கள்

பம்பை வரப்பில் வைத்துப் பிரிக்காதீர்கள். டெஸ்டிங் மெஷின் உள்ள டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோங்கள். பிளஞ்சரில் உப்புத்தாள் படவே கூடாது. பிளஞ்சர், பேரல் இரண்டும் ஜோடி. தேய்ந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பம்புக்கு அடியில் ஷிம் தகடுகள் இருந்தால் அவற்றை அப்படியே திரும்பப் போடுங்கள். இல்லையென்றால் டைமிங் மாறிவிடும்.

மிக முக்கியம்: நாசில் பீச்சும்போது எதிரே கை நீட்டாதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேனில் வாங்கிய டீசலை ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் மேலாக வடிகட்டி ஊற்றுங்கள். அடி மண்டி டேங்குக்குள் போகவேண்டாம். டேங்கையும் வற்ற விடாதீர்கள். பம்ப் பல வருடம் உழைக்கும்.